கைக்கும் ஒரு படிப்பு உண்டு



பிளஸ் டூ ரிசல்ட் வருகிற வாரத்தில் நம் வீடுகளில் என்ன பேச்சு நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டாக்டர், இன்ஜினீயர், சி.ஏ., அதுவும் இல்லையென்றால் ஒரு டிகிரி. இந்த வரிசையில் கைவேலைக்கு இடமே கிடையாது. "படிப்பு ஏறலைன்னா தையல், நெசவுன்னு எதையாவது கத்துக்கட்டும்" என்போம். சொல்லும்போதே குரல் கொஞ்சம் இறங்கிவிடும்.

பெண் பிள்ளை என்றால் அதே கைவேலைக்கு வேறொரு கணக்கு. "எம்பிராய்டரி கத்துக்கட்டும், பொழுதும் போகும், நாளைக்குப் போற வீட்டிலும் உதவும்." இப்படி, பையனுக்கு அது தோல்வி, பெண்ணுக்கு அது பொழுதுபோக்கு. அதையும் ஒரு படிப்பாக யாராவது நினைக்கிறோமா?

இந்த மாதம் ஒரு ஜெர்மன் பெண்மணியைப் பற்றி உங்களோடு பேசலாம் என்று தோன்றியது. பெயர் அன்னி ஆல்பர்ஸ். நெசவுக் கலைஞர். அமெரிக்காவில் ஒரு கல்லூரியில் பல ஆண்டுகள் நெசவு சொல்லிக்கொடுத்தவர். இருபதாம் நூற்றாண்டில் துணியைப் பற்றி இவர் அளவுக்கு ஆழமாக யோசித்தவர்கள் மிகக் குறைவு. ஆனால் அவர் நெசவை விரும்பி எடுக்கவில்லை. "பொண்ணுதானே, இதைப் படி" என்று தள்ளப்பட்டு வந்தவர்தான்.

1899-இல் பெர்லினில் பிறந்தார். அம்மா வழியில் உல்ஷ்டைன் குடும்பம், அந்நாளைய ஜெர்மனியின் பெரிய பத்திரிகை, பதிப்பக முதலாளிகள். அப்பாவுக்கு மரச்சாமான் தொழில். வீடு நிறைய வேலையாட்கள், பாடம் சொல்லித்தர அயர்லாந்திலிருந்து வந்த ஆசிரியை. நல்ல இடத்தில் கல்யாணம் செய்துகொண்டு விருந்து உபசாரம் என்று வசதியாகக் காலம் கழித்திருக்கலாம். அவரோ ஓவியம் படிக்கப் போகிறேன் என்று கிளம்பி, 1922-இல் வைமார் நகரத்துப் பௌஹவுஸ் பள்ளியில் சேர்ந்தார்.

பௌஹவுஸ் என்ற பெயரைக் கட்டடக்கலை, டிசைன் படிக்கிற பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் கேட்டிருப்பீர்கள். வால்டர் குரோபியஸ் என்ற கட்டடக்கலைஞர் 1919-இல் தொடங்கிய பள்ளி. ஓவியரும் தச்சரும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்ய வேண்டும் என்பது அதன் கொள்கை. ஆண், பெண் பேதம் கிடையாது என்றும் தொடக்கத்திலேயே அறிவித்தார்கள்.

பெண்கள் நிறையப் பேர் சேர வந்ததும் அந்த அறிவிப்பு கரையத் தொடங்கியது. மரம், உலோகம், கண்ணாடி எல்லாம் பெரும்பாலும் ஆண்களுக்கு. பெண்களை நெசவுப் பட்டறைக்கு அனுப்பினார்கள். உலகத்தையே புதிதாக வடிவமைக்கப் போகிறோம் என்று கிளம்பியவர்களுக்கும் வீட்டுப் பழக்கம் விடவில்லை பாருங்கள்!

அன்னி கேட்டது கண்ணாடிப் பட்டறை. கிடைத்தது நெசவு. அவருக்கே அதில் மரியாதை இல்லை. நூல் என்பது மெத்தென்று, பெண்பிள்ளைத்தனமாக இருக்கும் சமாச்சாரம் என்றுதான் அப்போது நினைத்தார். தன் விருப்பத்துக்கு மாறாகத்தான் நூல் தன்னைப் பிடித்துக்கொண்டது என்று பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

எது பிடித்துக்கொண்டது? அங்கேதான் விஷயம் இருக்கிறது.

தறியில் உட்காருகிறவருக்கு முதலில் தெரிவது கட்டுப்பாடு. பாவு நூல் நெடுக்காக ஓடும். ஊடை நூல் குறுக்காகப் போகும். தூரிகை பிடித்தவர் மாதிரி நினைத்த இடத்தில் வளைக்க முடியாது. ஆனால் எந்த நூல் மேலே, எந்த நூல் கீழே என்பதை நீங்கள் தீர்மானிக்கலாம். அந்த ஒரு தீர்மானத்திலிருந்து எத்தனை விதமான துணிகள்!

ஒன்று மேலே, ஒன்று கீழே என்று மாற்றி மாற்றிப் போனால் நம் வேட்டித்துணி மாதிரி சாதா நெசவு. ஒவ்வொரு வரியிலும் ஒரு நூல் தள்ளித் தள்ளிப் போனால் சாய்வான கோடுகள் விழும். உங்கள் பையனுடைய ஜீன்ஸை உற்றுப் பாருங்கள், அதுதான். நூலைப் பிடித்துக் கட்டாமல் நீளமாக மேலே விட்டுக்கொண்டே போனால் சாட்டின் பளபளப்பு. நூல் ஒன்றே, வரிசைதான் வேறு. புள்ளிகள் மாறாமலே வாசலில் விதவிதமாகக் கோலம் போடுகிற கை இதை உடனே புரிந்துகொள்ளும்.

கட்டுப்பாட்டுக்குள்ளேதான் சிந்தனைக்கு வேலை அதிகம் என்பதைக் கண்டுகொண்ட பிறகு அன்னி திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடிப் பட்டறையில் இருந்த ஜோசஃப் ஆல்பர்ஸை 1925-இல் கல்யாணம் செய்துகொண்டார். பள்ளி டெஸ்ஸாவ் நகரத்துக்கு மாறியது. அங்கே குன்டா ஷ்டோல்ஸ்ல் என்ற பெண் தலைமையில் நெசவுப் பட்டறை வளர்ந்தது. ஒதுக்கித் தள்ளுவதற்காக ஒதுக்கிய அந்தப் பட்டறையே பௌஹவுஸில் நன்றாகச் சம்பாதித்துக் கொடுத்த பட்டறைகளில் ஒன்றாகிவிட்டது!

அன்னியின் டிப்ளமோ வேலை ஒரு சுவர்த்துணி. பெர்லினுக்குப் பக்கத்தில் பெர்னாவ் என்ற ஊரில் தொழிற்சங்கப் பள்ளிக்கு ஓர் அரங்கம் கட்டினார்கள். பேசினால் எதிரொலி. நம் ஊர்க் கல்யாண மண்டபங்களில் மைக் சத்தம் நாலு பக்கமும் மோதி, வாழ்த்துரை ஒரு வார்த்தையும் புரியாமல் போகுமே, அதே தொல்லை. அன்னி ஒரு துணி நெய்தார். அதன் பின்பக்கம் பஞ்சுபோன்ற செனில் நூல், சத்தத்தை உறிஞ்சிக்கொள்ளும். முன்பக்கம் செல்லோஃபேன், விளக்கு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். ஒரே துணியில் இரண்டு வேலை. கேமரா லென்ஸுக்குப் பேர்போன சைஸ் ஐகான் நிறுவனம் அது எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பித் தருகிறது என்று சோதித்துப் பார்த்தது. 1930-இல் டிப்ளமோ கிடைத்தது. அடுத்த ஆண்டு பட்டறையின் பொறுப்பே அவரிடம் வந்தது.

துணி என்றால் உடுத்துவதும் விரிப்பதும்தான் என்று நினைத்த காலத்தில், துணியைக் கட்டடத்தின் ஒரு பாகமாகப் பார்த்த மூளை அது. கைவேலைக்கு மூளை வேண்டாம் என்று சொல்கிறவர்கள் இந்தத் துணியை ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்கலாம்.

1933-இல் நாஜிகளின் நெருக்கடியில் பௌஹவுஸ் மூடப்பட்டது. அன்னி யூதக் குடும்பத்தில் பிறந்தவர். ஜெர்மனியில் இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது இன்று நமக்குத் தெரியும். அமெரிக்காவில் வடக்கு கரோலினா மாநிலத்து மலைப்பகுதியில் பிளாக் மவுண்டன் காலேஜ் என்று புதிதாக ஒரு கல்லூரி அப்போதுதான் தொடங்கியிருந்தது. கணவருக்கு அங்கே அழைப்பு வந்தது. இருவரும் கப்பலேறினார்கள். ஜோசஃபுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. சின்ன வயதில் அந்த அயர்லாந்து ஆசிரியையிடம் படித்த ஆங்கிலம் அன்னிக்குக் கைகொடுத்தது.

அது விசித்திரமான கல்லூரி. ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து நிலத்தில் வேலை செய்தார்கள். கல்லூரிக் கட்டடத்தையே சேர்ந்து கட்டினார்கள். அங்கே 1949 வரை அன்னி நெசவு கற்பித்தார்.

எப்படிக் கற்பித்தார் என்பதுதான் எனக்கு அவர் வாழ்க்கையிலேயே பிடித்த பகுதி.

புதிதாக வரும் மாணவரைப் பெரிய தறியின் முன்னால் உட்கார வைத்து, இந்த மிதியை மிதி, அந்த நாடாவைத் தள்ளு என்று அவர் தொடங்கமாட்டார். "பெரு நாட்டுக் கடற்கரையில், பழங்காலத்தில், கையில் ஒன்றுமே இல்லாமல் நிற்பதாக நினைத்துக்கொள்" என்கிற மாதிரி தொடங்குவார். வெயில் அடிக்கிறது, காற்று வீசுகிறது. உனக்கு என்ன தேவை? சுற்றிலும் என்ன கிடைக்கிறது? அதை வைத்து என்ன செய்வாய்? பூஜ்யத்திலிருந்து யோசிக்கச் சொல்வார்.

அடுத்தது பொருளைத் தொட்டுப் பழகுவது. மக்காச்சோள மணி, புல், முறுக்கிய காகிதம் என்று கையில் அகப்பட்டதை அடுக்கித் துணி மாதிரி ஒரு தோற்றத்தைக் கொண்டுவர வேண்டும். டைப்ரைட்டரில் ஒரே எழுத்தைத் திரும்பத் திரும்ப அடித்து, நெசவு மாதிரி ஒரு பரப்பை உண்டாக்கவும் செய்தார்கள். நெய்யும்போதும் எளிய தறி: பாவின் ஒரு முனையை மரத்திலோ தூணிலோ கட்டி, மறுமுனையை இடுப்புப் பட்டையில் மாட்டிக்கொண்டு, உடம்பைச் சாய்த்து இறுக்கி நெய்வது. மெக்ஸிகோவிலும் பெருவிலும் பெண்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நெய்துவரும் முறை. நூலின் இழுப்பை முதுகெலும்பே உணரும்.

மிதி பலகையை மிதிக்கத் தெரிந்தவருக்கு அந்தத் தறி ஓடும்வரைதான் வேலை தெரியும். துணி எப்படி உருவாகிறது என்று தெரிந்தவர் எந்தத் தறியிலும் வேலை செய்வார், புதுத் தறியையும் உண்டாக்குவார். இது கணக்குப் பாடத்துக்கும் பொருந்துமா, பொருந்தாதா? ஃபார்முலாவை மனப்பாடம் செய்துவிட்டு, கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் விழிக்கிற பிள்ளைகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

அந்த நாட்களில் அன்னியும் ஜோசஃபும் மெக்ஸிகோவுக்கு அடிக்கடி போனார்கள். மோன்டே அல்பான் என்ற இடத்தில் பழங்காலக் கல்லறையில் கிடைத்த நகைகளைப் பார்த்தார் அன்னி. தங்கத்தோடு சாதாரணக் கிளிஞ்சலையும் கல்லையும் சேர்த்துக் கோத்திருந்தார்கள். திரும்பி வந்ததும் அலெக்ஸாண்டர் ரீட் என்ற இளைஞரோடு சேர்ந்து நகை செய்தார். எதை வைத்து? ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் சிங்க் வடிகட்டி, பேப்பர் கிளிப், வாஷர், ஹேர்பின்! வடிகட்டியின் ஓட்டைகளில் பேப்பர் கிளிப்புகளைத் தொங்கவிட்ட அந்தக் கழுத்தணி இன்று கலை வரலாற்றுப் புத்தகங்களில் இடம்பெறுகிறது. தங்கம் பவுனுக்கு எவ்வளவு ஏறியது என்று தினமும் பார்க்கும் நமக்கு இது கொஞ்சம் சிரிப்பாகவும், கொஞ்சம் ஆறுதலாகவும் இருக்கிறதல்லவா?

1949-இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் அவருக்குத் தனிக் கண்காட்சி வைத்தது. நெசவுக் கலைஞர் ஒருவருக்கு அங்கே நடந்த முதல் தனிக் கண்காட்சி அதுதான். பிறகு அமெரிக்காவிலும் கனடாவிலும் பல ஊர்களுக்குப் போனது. அதில் பேசப்பட்டவை, அறையைப் பிரிக்கத் தொங்கவிடும் துணித் திரைகள். வெளிச்சத்தை விட்டு, பார்வையை மட்டும் தடுக்கும் திரைகள். ஒரே ஹாலில் பிள்ளை படிக்க வேண்டும், தாத்தா டிவி பார்க்க வேண்டும், வருகிற விருந்தாளி உட்கார வேண்டும் என்று திண்டாடுகிற வீடுகளில் அதன் அருமை தெரியும்.

அதே சமயத்தில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துப் புது மாணவர் விடுதிக்குக் கட்டில் விரிப்பு கேட்டார்கள். குரோபியஸ் கட்டிய விடுதி. வயசுப் பையன்கள் இருக்கும் அறை எப்படி இருக்கும்? அன்னி அதை யோசித்தார். அழுக்கும் ஷூ தடமும் சிகரெட் சூடும் பளிச்சென்று தெரியாதபடி நிறங்களையும் கட்டங்களையும் அமைத்தார். அழகாக இருக்க வேண்டும், அதைவிட முக்கியமாக, புழங்கத் தாங்க வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை பெட்ஷீட் துவைக்கிற எந்த அம்மாவும் அவரைப் பெரிய கலைஞர் என்று உடனே ஒத்துக்கொள்வார்!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கைத்தறி புனிதம், மெஷின் பாவம் என்று அவர் பேசவில்லை. பழைய டிசைனையே திரும்பத் திரும்ப நெய்வதில் அவருக்கு விருப்பமும் இல்லை. கையால் நெய்வது புது யோசனையைச் சோதிக்கும் இடம், அதில் பிறந்ததை மெஷின் நிறைய வீடுகளுக்குக் கொண்டுபோகட்டும் என்பது அவர் கட்சி. அதனால்தான் நோல் என்ற ஃபர்னிச்சர் நிறுவனத்துக்குப் பல ஆண்டுகள் துணி வடிவமைத்துக் கொடுத்தார்.

1965-இல் நெசவு பற்றி அவர் எழுதிய புத்தகம் வெளிவந்தது. துணி படிப்பவர்கள் இன்றும் தேடிப் படிக்கிற புத்தகம். அதில் தொடு உணர்வு பற்றி ஓர் அத்தியாயம். எல்லாப் பொருளும் அரைத்து, நறுக்கி, கலந்து நம் கைக்கு வருகிறது, கடைசி வேலை மட்டுமே நமக்கு மிஞ்சுகிறது, அதனால் கையின் உணர்வு மழுங்கிப்போகிறது என்று அதில் கவலைப்படுகிறார். நேரம் மிச்சமாவதை அவர் குறை சொல்லவில்லை. பொருள் உருவாவதில் நமக்குப் பங்கு இல்லாமல் போவதைத்தான் சொல்கிறார்.

அறுபது ஆண்டுகளுக்கு முன்பு எழுதியது. நம் சமையலறையைப் பாருங்கள். இட்லி மாவு பாக்கெட்டில், சப்பாத்தி பாதி வெந்து, காய் நறுக்கி, தேங்காய் துருவி. வேலைக்குப் போகும் பெண்களுக்கு இது பெரிய உதவி, அதில் சந்தேகமே இல்லை. அந்த பாக்கெட் வேண்டாம் என்று நான் சொன்னால் நீங்களே சண்டைக்கு வருவீர்கள். ஆனால் பிள்ளைகள் கதை என்ன? மாவைத் தொட்டுப் பதம் பார்க்க, பட்டன் தைக்க, சைக்கிள் செயினை மாட்ட, ஒரு முடிச்சுப் போட அவர்களுக்கு எப்போது வாய்ப்பு? கண்ணாடித் திரையைத் தடவிக்கொண்டே இருக்கிறது விரல். பஞ்சுக்கும் பாலியஸ்டருக்கும் வித்தியாசம் அதற்கு எப்படித் தெரியும்?

"அதெல்லாம் சரி, கைவேலை சோறு போடுமா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. அன்னி வசதியான வீட்டில் பிறந்தவர், உலகப் புகழ் பெற்றவர். எல்லோருக்கும் அப்படி அமையாது. நெய்து நெய்து கூலி கட்டாமல் பிள்ளைகளை வேறு வேலைக்கு அனுப்பும் பெற்றோரிடம் போய் நெசவின் பெருமை பேச எனக்கு வாய் வராது. எல்லாப் பிள்ளையும் நெசவுக்கோ தச்சுக்கோ போக வேண்டும் என்பதும் என் வாதம் இல்லை. டாக்டராகட்டும், கம்ப்யூட்டர் படிக்கட்டும். எந்தப் படிப்புப் படித்தாலும் கையால் யோசிக்கத் தெரிந்த பிள்ளைக்கு அது கூடுதல் பலம் என்றுதான் சொல்கிறேன். அறுவை சிகிச்சை செய்கிற டாக்டருக்குக் கை பழகியிருக்க வேண்டாமா?

இன்னும் ஒரு சம்பவம் சொல்லிவிடுகிறேன். 1960-களில் லாஸ் ஏஞ்சலஸில் இருந்த ஓர் அச்சுக்கலைப் பட்டறைக்கு ஜோசஃபுக்கு அழைப்பு வந்தது. உடன் போன அன்னி சும்மா உட்கார்ந்திருந்தார். பெரிய மனிதரின் மனைவி, அவ்வளவுதான். பட்டறையை நடத்திய ஜூன் வெய்ன் என்ற பெண்தான் "நீங்களும் செய்து பாருங்களேன்" என்றார். செய்தார். பிடித்துப்போனது. கொஞ்ச காலத்தில் தறியை விட்டுவிட்டு, வயதான காலம் முழுவதும் அச்சுப் படங்களே செய்தார்.

அப்போதுதான் அவர் ஒன்றைக் கவனித்தார். நூலில் செய்தால் கைவினை என்கிறார்கள், அதையே காகிதத்தில் செய்தால் கலை என்கிறார்கள். இதை வெளிப்படையாகவே சொன்னார். அதே கை, அதே மூளை, அதே கோடுகள். காகிதத்துக்கு வந்ததும் மரியாதை கூடிவிட்டது! யூத இனப்படுகொலையில் இறந்த அறுபது லட்சம் பேரின் நினைவாக நியூயார்க் யூத அருங்காட்சியகம் கேட்டு, 1966-இல் வெள்ளி இழையும் பருத்தியும் லினனும் கலந்து ஆறு திரைகள் நெய்து கொடுத்தவர் அவர். அப்படிப்பட்டவருக்கே இந்தக் கதி.

அன்னி 1994-இல், 94 வயதில் காலமானார். 2018-இல் லண்டன் டேட் மாடர்ன் அருங்காட்சியகம் அவருக்குப் பெரிய கண்காட்சி நடத்தியது. 

அவருடைய நெசவுப் புத்தகத்தை யாருக்குச் சமர்ப்பித்தார் தெரியுமா? பௌஹவுஸ் பேராசிரியர்களுக்கு இல்லை. பழங்காலப் பெருவின் நெசவாளர்களுக்கு. அவர்களைத் தன் மாபெரும் ஆசிரியர்கள் என்றார். அந்த நெசவாளர்களில் ஒருவரின் பெயர்கூட நமக்குத் தெரியாது. அவர்கள் நெய்த துணி இருக்கிறது, பெயர் இல்லை.

நம் வீடுகளிலும் அப்படித்தானே? பாட்டி பின்னிய வயர் கூடையில் சிவன் கண் முடிச்சு எவ்வளவு பெரிய கணக்கு! எங்கே எந்த நிற வயர் வர வேண்டும், எத்தனை முழம் வெட்ட வேண்டும் என்று பேப்பரில் எழுதாமல் மனதிலேயே போட்டவர் அவர். பழைய சேலைகளை ஒட்டுப்போட்டு மெத்தை விரிப்பு தைத்த அத்தை, குரோஷாவில் டிவி கவர் போட்ட பெரியம்மா, கயிற்றுக் கட்டிலை மறுபடி பின்னிக் கொடுத்த தாத்தா. "சும்மா வீட்டில் இருந்தாங்க" என்றுதான் அவர்களைப் பற்றிச் சொல்கிறோம். அவர்கள் சும்மாவா இருந்தார்கள்?

எனவே இரண்டு வேண்டுகோள்கள். முதலாவது, இந்த விடுமுறையில் பையனோ பெண்ணோ, வீட்டுப் பெரியவரிடம் உட்கார்ந்து ஒரு கைவேலை கற்றுக்கொள்ளட்டும். கூடை கோணலாக வந்தால் வரட்டும். அவிழ்த்துத் திரும்பப் பின்னுவதும் பாடம்தான். மார்க் போடாதீர்கள், போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்க அவசரப்படாதீர்கள்.

இரண்டாவது, உங்கள் வீட்டில் கையால் செய்த ஒரு பொருளைப் பற்றி ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள். யார் செய்தார், எங்கே கற்றார், எப்படிச் செய்தார் என்று எழுதுங்கள். தேர்ந்தெடுத்து வரும் இதழ்களில் வெளியிடுகிறோம். ஒரே ஒரு நிபந்தனை: "என் பாட்டி", "எங்க அம்மா" என்று மட்டும் எழுதி முடித்துவிடக் கூடாது. அவர் பெயரை முழுசாக எழுதுங்கள். அதைத்தான் தலைப்பாகப் போடப் போகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்